ஆடலாமா, கூடாதா

மார்ச் 3, செவ்வாய்

கட்டைவிரல் இன்றைக்கும் வீங்கித்தான் இருக்கிறது. காலையில் ஆஸ்பத்திரியில் பதினாறு பேர், சாயங்காலம் கூடைப்பந்து கிளப்பில் ஏழு பேர். இருபத்து மூன்று பேருடைய தசையை அழுத்தியது இந்த இரண்டு விரல்கள்தான். "ஊர்ல இருக்கிற வலியெல்லாம் வாங்கி உன் விரல்ல சேத்து வெச்சிருக்கே" என்றார் இவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, வீட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேப்பர் படிக்கிற மனிதர். அவருக்குக் கண், எனக்கு விரல். நல்ல ஜோடி.

கிளப்பில் என் அறைச் சுவரில் புதிதாக ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். ஒருத்தி பந்தோடு அந்தரத்தில் பறக்கிறாள். கீழே கொட்டை எழுத்தில் 'வலி என்பது மனதில்தான்'. பதினெட்டு வருஷமாக பிசியோவாக இருக்கிறேன். வலி முட்டியில்தான் இருக்கிறது. தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

இன்று கூட்டம் குறைவு. ஆறு வருஷமாக மாற்று ஆட்டக்காரியாகவே இருப்பவள் வந்தாள். தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் பெஞ்சு. "அக்கா, ஆடி ஆடி முட்டி போனவங்களைப் பாத்திருப்பீங்க. உக்காந்து உக்காந்து முதுகு போனவ நான் ஒருத்திதான்" என்றாள்.

சிரித்தோம். குப்புறப் படுத்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வரும். இந்த மேஜையில் எல்லோருமே அப்படித்தான். முகம் தெரியாவிட்டால் உண்மை வரும்.

"எப்படிம்மா ஆறு வருஷம்?" என்று கேட்டேன்.

"பொறுமைசாலின்னு எல்லாரும் சொல்றாங்க. பொறுமையெல்லாம் இல்லக்கா. யாராவது விழுந்தா நான் உள்ள போவேன். அதனால யாராவது விழ மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அப்புறம் வீட்டுக்குப் போயி அதுக்காக வருத்தப்படுவேன். ஆறு வருஷமா இதான் நடக்குது."

முதுகில் சூடு வைத்துவிட்டு, இருபது நிமிஷம் படுத்திரு என்றேன். தூங்கிப்போனாள்.

மார்ச் 10, செவ்வாய்

பட்டாணி வந்தாள். அணியிலேயே குள்ளம், அணியிலேயே வேகம். கணுக்கால் சுளுக்கு. போன மாதம் அவள் அப்பா இறந்தார். நான்காம் நாளே ஆட வந்துவிட்டாள். இரும்பு மனசு என்று அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கட்டுப் போடும்போது தானாகவே சொன்னாள். "வீட்ல அம்மா அவரோட செருப்பை எடுக்கவே விடலைக்கா. வாசல்லயே கிடக்கு. அதைத் தாண்டித் தாண்டி உள்ள போகணும். முடியலை. அதான் ஓடி வந்துட்டேன். அதுக்குப் போயி கைதட்டினீங்க எல்லாரும்."

கோபமாகச் சொல்லவில்லை. தகவல் மாதிரிதான் சொன்னாள். கட்டின் முனையை ஒட்டி முடித்துவிட்டு, "நானும் தட்டினேன்டி, தப்புதான்" என்றேன். "விடுங்கக்கா" என்றாள்.

மார்ச் 12, வியாழன்

கேப்டனைச் சோதித்தேன். ஏணி என்று கூப்பிடுவார்கள். ஆறடி ஒரு அங்குலம், முப்பத்தொரு வயது, நாலு வயதில் ஒரு பெண். வலது முட்டியின் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். ஏப்ரல் நாலாம் தேதி இறுதி ஆட்டம்.

ஒற்றைக் காலில் தாவச் சொன்னேன். நல்ல கால் நூற்றைம்பது சென்டிமீட்டர். ஆபரேஷன் ஆன கால் நூற்றெட்டு. இரண்டு தடவை, மூன்று தடவை. அதே நூற்றெட்டு. தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. நல்ல காலின் எழுபத்திரண்டு சதவீதம்தான். ஆடுவதற்குக் குறைந்தது தொண்ணூறு வேண்டும்.

"நல்லா இருக்குல்லக்கா?" என்றாள். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

அவள் போனதும் பயிற்சியாளர் கதவுக்குள் தலையை நீட்டினார். "என்னம்மா, ஆடலாம்ல?" கையில் படிவம். அதில் இரண்டே கட்டம்: ஆடலாம், ஆடக் கூடாது. கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"பாத்துக்கலாம் சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதே வார்த்தை.

மார்ச் 13, வெள்ளி

கையெழுத்துப் போடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. படிவம் கைப்பையிலேயே இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

இதை எங்கேயும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

பதினைந்து வருஷம் முன்னால். கிளப்பில் சேர்ந்து மூன்றாவது வருஷம். சிட்டு என்று ஒருத்தி, இருபத்திரண்டு வயது. பந்து கையில் இருந்தால் அரங்கமே எழுந்து நிற்கும். அரையிறுதிக்கு முந்தின நாள் அவள் முட்டியைப் பிடித்துப் பார்த்தேன். தளர்வு இருந்தது. கைக்குத் தெரிந்தது. மறுநாள் அப்போதிருந்த பயிற்சியாளர், இதே கதவில் நின்று, இதே மாதிரி கேட்டார். ஆடலாம்ல? எனக்கு முப்பது வயது. வேலை புதுசு. "பாத்துக்கலாம் சார்" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும் போதுமாக இருந்ததே, அதுதான்.

ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் தனியாகத் தாவி, தனியாக இறங்கினாள். யாரும் மோதவில்லை. முட்டிக்குள் ஏதோ அறுந்த சத்தம் மைதான ஓரம் வரை கேட்டது. மூன்று ஆபரேஷன். அப்புறம் அவள் ஆடவே இல்லை. நான் அவளை இரண்டு முறை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மூன்றாவது முறை போகவில்லை. ஏன் போகலே? வேலை இருந்ததா? வேலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவ கேட்டுடுவாளோன்னு பயம். வேற என்ன.

இவரிடம் இன்றைக்குச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். "இப்ப எங்க இருக்கா?" என்று கேட்டார். ஒரு ஷூ கடையில் இருப்பதாகப் பெஞ்சு எப்போதோ சொன்னாள் என்றேன். "போய்ப் பாத்துட்டு வா. கூட வரணும்னா வரேன்" என்றார். வேண்டாம் என்றேன்.

மார்ச் 18, புதன்

போனேன். மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம்.

ஒரு பெரியவரின் காலுக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் எல்லாம் தரையில் முட்டி போட்டு மாட்டிவிடுகிறார்கள். இவளுக்கு மட்டும் குட்டை ஸ்டூல். வலது காலை நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் பெருத்திருக்கிறாள். கை வேகம் மட்டும் அப்படியே.

நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா! என்ன சைஸ்?" என்றாள். வந்த அழுகையை அந்தக் கேள்வி நிறுத்திவிட்டது.

பின்னால் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறையில் உட்கார்ந்தோம். காகிதக் கப்பில் டீ. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார், ஒரு பையன், இரண்டு நாய்கள், எல்லாம் சொன்னாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அன்னிக்கு எனக்குத் தெரியும்டி, கைக்குத் தெரிஞ்சது, சொல்லலை. என் மேல கோபம் இருக்கா?

கப்பைக் கீழே வைத்தாள்.

"நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் நான் ஆடியிருப்பேன்க்கா. இருபத்திரெண்டு வயசு. கடவுளே வந்து சொன்னாலும் ஆடியிருப்பேன்."

எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. அதை அவளும் பார்த்துவிட்டாள் போல.

"ஆனா நீங்க சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா, தெரிஞ்சே போய் விழுந்தேன்னு ஆகியிருக்கும். என் முட்டி, என் முடிவுன்னு. அப்படி இல்லாம, ஏன்டா விழுந்தோம், எப்படி இறங்கினோம், எங்க தப்பு பண்ணினோம்னு நாலு வருஷம் யோசிச்சிட்டே கிடந்தேன். தப்பு என்னோடதுன்னே நெனச்சேன்க்கா. நாலு வருஷம்."

மன்னிச்சுடு என்றேன்.

"எப்படி வெளிய வந்தே?" என்று கேட்டேன்.

"எங்க வந்தேன்? பழகிடுச்சு. எல்லாரும் என்னைத் தைரியசாலிங்கிறாங்க. காலையில எந்திரிக்கணும், பையனுக்கு ஸ்கூல், எனக்குக் கடை. இதுல தைரியம் எங்க இருக்கு? எந்திரிக்காம இருந்தாத்தான் யாராவது கேள்வி கேப்பாங்க. அதுக்குப் பதில் சொல்றதைவிட எந்திரிக்கிறது சுலபம்."

வாடிக்கையாளர் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். எழும்போது அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். கை கொடுக்கப் போனேன். "பழக்கம்க்கா" என்று சிரித்தாள். வாசல் வரை வந்தாள். "திரும்ப வாங்க" என்றாள். கடைக்காரி சொல்வது மாதிரியும் இருந்தது, அவள் சொல்வது மாதிரியும் இருந்தது.

மார்ச் 19, வியாழன்

நாலு வருஷம்.

மார்ச் 23, திங்கள்

ஏணியிடம் சொல்லிவிட்டேன்.

மறுபடி தாவச் சொன்னேன், ஒருவேளை கூடியிருக்கலாம் என்று. நூற்றுப் பத்து. அவளுக்கு நேராக உட்கார்ந்து சொன்னேன். "இந்தக் கால் இன்னும் தயாரில்லை. நீ ஆடினா மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். நான் ஆடக் கூடாதுன்னுதான் எழுதப்போறேன்."

"எழுதாதீங்க."

"எழுதணும்மா."

"அக்கா, எனக்கு முப்பத்தொண்ணு. அடுத்த இறுதி ஆட்டம்னு ஒண்ணு எனக்கு வருமா? சொல்லுங்க. எட்டு மாசம் என் பொண்ணை எங்கம்மாகிட்ட விட்டுட்டு இந்த மேஜையில வந்து படுத்தேன். எதுக்கு? கூடாதுன்னு எழுதுறதுக்கா? நடந்து காட்டினேன், ஓடிக் காட்டினேன், எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னீங்களே!"

சொன்னேன்தான். தினமும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றுதான் சொன்னேன். மூன்றாம் மாதத்திலேயே, மெதுவாகத்தான் தேறுது, கணக்கு இடிக்குது என்று சொல்லியிருக்கலாம். ஊக்கப்படுத்துகிறேனாம்.

"அது என் தப்பு" என்றேன். "இப்ப சொல்றது தப்பில்ல."

கதவை அறைந்துகொண்டு போனாள். போஸ்டரின் ஒரு மூலை பெயர்ந்து தொங்கியது. ஒட்டவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

படிவத்தைக் கொடுத்தேன். பயிற்சியாளர் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீமோட மனசை உடைச்சிட்டீங்களேம்மா" என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். "முட்டி உடையாம இருக்கட்டும் சார்" என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டோம் என்று படியிறங்கும்வரை ஒரு திருப்தி. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அதுவும் போய்விட்டது.

மார்ச் 30, திங்கள்

கிளப் வெளியிலிருந்து ஒரு டாக்டரைக் கூட்டிவந்து ஏணியின் முட்டியைப் பார்க்க வைத்திருக்கிறது. ஆடலாம் என்று எழுதிவிட்டார். இனி என்னை வர வேண்டாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அறைச் சாவியைக் கொடுத்தேன். பட்டாணி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ஏணி மைதானத்தில் இருந்தாள், திரும்பவில்லை.

பதினெட்டு வருஷம். ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது.

ஏப்ரல் 5, ஞாயிறு

நேற்று ஆட்டத்துக்குப் போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். இவர்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நீ வீட்ல உக்காந்து நூறு தடவை கடிகாரம் பாப்பே. அங்கேயே போய்ப் பாரு."

மேல் வரிசையில் உட்கார்ந்தோம். ஏணி இருபத்தாறு நிமிஷம் ஆடினாள். அவள் ஒவ்வொரு முறை தாவும்போதும் இவர் கையைப் பிடித்தேன். அவருக்குக் கை சிவந்துவிட்டது. கடைசி நிமிஷத்தில் பலகையில் பட்டு வந்த பந்தைப் பிடித்துக் கூடைக்குள் போட்டாள். மூன்று புள்ளியில் ஜெயித்தார்கள். முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டார்கள். நானும் எழுந்து கத்தினேன். நிஜமான சந்தோஷம்தான். ஆனால் இங்கே பொய் எழுதக் கூடாது. அவள் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும், என்னில் ஏதோ ஒரு மூலை, விழு, விழுந்து என்னை நிரூபி என்று காத்திருந்தது. பெஞ்சு சொன்னது இப்போதுதான் புரிகிறது. இவ்வளவுதானா நான்? இதுக்கா அவ்வளவு நியாயம் பேசினேன்?

வெளியே வரும்போது, "சோதிச்சது தப்பா போச்சோ?" என்றேன் இவரிடம்.

"லென்ஸ் நம்பர் சரியா எழுதறதோட என் வேலை முடிஞ்சுது. கண்ணாடி போடாமலே பத்திரமா ரோட்டைத் தாண்டிட்டா, நம்பர் தப்புன்னா அர்த்தம்?" என்றார். சில நேரம் இந்த மனிதர் பேசுவார்.

ஏப்ரல் 27, திங்கள்

ஆஸ்பத்திரி. பதினெட்டு பேர். தோள், இடுப்பு, தோள், கழுத்து. சாயங்காலம் சும்மா இருப்பது எப்படி என்று தெரியவில்லை.

மே 14, வியாழன்

சிட்டு வந்தாள், கடை விடுமுறையாம். நான் கூப்பிடவில்லை. முட்டியைப் பார்க்கச் சொன்னாள். பதினைந்து வருஷம் கழித்து அந்த முட்டியைக் கையில் பிடித்தேன். தேய்மானம் அதிகம், தசை கொஞ்சமும் இல்லை. அப்படியே சொன்னேன். "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வராதா?" என்றாள். "வராது" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். செய்ய மாட்டாள், தெரியும்.

ஜூன் 9, செவ்வாய்

பத்து மணி சுமார். பதினோராம் நம்பர் டோக்கன் என்று கூப்பிட்டேன். ஏணி எழுந்தாள். அவ்வளவு உயரத்தை வரிசையில் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாளாம்.

"விழுந்தியா?" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஆட்டத்துல இல்லக்கா. வீட்டுப் படியில. பாப்பாவைத் தூக்கிட்டு இறங்கினேன், கால் சட்டுனு விட்டுடுச்சு. சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டேன். அவளுக்கு ஒண்ணும் ஆகலை. விளையாட்டுன்னு நெனச்சு, இன்னொரு வாட்டிம்மாங்கிறா."

சிரிக்கத்தான் சொன்னாள்.

படுக்க வைத்துப் பார்த்தேன். ஜவ்வு இருக்கிறது, ஆனால் தளர்ந்திருக்கிறது. வீக்கம் பழசு. ரொம்ப நாளாக மறைத்து வைத்திருக்கிறாள்.

"கிளப் டாக்டர் அடுத்த சீசன் ஆடலாம்னு சொல்றார். நீங்க சொல்லுங்க."

"இப்ப ஆடக் கூடாது."

"எப்ப?"

"தெரியாது. ஆட முடியாமலே போகலாம். அப்படியும் இருக்கு."

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாரோ கை தூக்கும் பயிற்சிக்கு எண் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழு, எட்டு. தைரியமா இரு என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"பாப்பாவைத் தூக்கிட்டுப் படி இறங்குறதுக்கு?" என்று கேட்டாள்.

"ஆறு வாரம். ஒழுங்கா செஞ்சா."

"சரி. அதைச் சொல்லிக் குடுங்க."

செவ்வாயும் வெள்ளியும், பத்தரை மணி. அட்டையில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் பிரிவு முதல் மாடியில் இருக்கிறது. வராந்தாவில் நின்று பார்த்தேன். படிக்கட்டின் தலைப்பில் ஒரு கணம் நின்றாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.