ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு காரணம்

அன்புள்ள சின்னவனுக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் நலத்தை ஞாயிறுதோறும் உன் குரலிலேயே கேட்டுவிடுகிறேன், இருந்தாலும் எழுத்தில் ஒரு முறை கேட்டால்தான் மனம் ஆறுகிறது. போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவேன் என்றுதான் இதை இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

வலது கை இப்போது டம்ளரைப் பிடிக்கிறது, ரேடியோவின் குமிழைத் திருப்பத்தான் வரவில்லை. பக்கவாதம் வந்த அன்றே, வீட்டிலிருந்தபடியே ஊர் ஊராகப் பேசும் என் ஹாம் ரேடியோ அவ்வளவுதான் என்று நினைத்தேன். நீதான் அங்கிருந்தபடியே அப்பாவை ஏவி ரேடியோவைக் கேபிளால் பழைய கம்ப்யூட்டரோடு கோத்து, விண்டோஸில் எல்லாம் சரிசெய்து, மவுஸாலேயே அலைவரிசையை மாற்ற வைத்தாய். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொன்னால் அந்நியமாகிவிடுமோ என்று இத்தனை நாள் விட்டுவிட்டேன், இப்போது சொல்கிறேன்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் பாரம் குறையும், கோளாறு வந்தால் நானே வந்து பார்க்கிறேன் என்று தினமும் காலையில் ரேடியோவில் கூடும் எங்கள் குழுவின் பல் டாக்டர் மூன்று மாதமாகச் சொல்கிறார். நான்தான் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். போன செவ்வாய்க்கிழமை அப்பா பொறுமையிழந்து, அதுல உனக்கு என்னதான் பயம் என்று கேட்டார். டாக்டரே எல்லாத்தையும் பாத்துக்கிட்டா அப்புறம் அவன் ஞாயித்துக்கிழமை எதுக்குக் கூப்பிடுவான், நான் எதையாச்சும் தப்பா அழுத்தி வெச்சாத்தானே ஒரு மணி நேரம் பேசறான் என்று சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் முழுக்கத் தொடங்கிய பிறகுதான் ரேடியோவைப் போட வேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய், அன்று நான் மாற்றிப் போட்டிருக்கிறேன். கேபிள் வழியே ரேடியோ தானாகவே நம் பேச்சை ஒலிபரப்பும் நிலைக்குப் போய்விட்டது, மைக்கோ என் முகத்துக்கு நேரே. நான் சொன்னது குழுவில் ஒன்பது பேருக்கும் கேட்டிருக்கிறது. அப்பா ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து அதை அணைத்து மறுபடி போட்டார். பிறகு பல் டாக்டர், அம்மா உங்க சிக்னல் ரொம்பத் தெளிவா இருக்கு, எம்பொண்ணும் அப்படித்தான், போன் கெட்டாத்தான் என்னைக் கூப்பிடுவா என்றார்.

மானம் கப்பலேறிய பிறகு என்ன பயம். மறுநாளே லினக்ஸ் போட்டாயிற்று, நன்றாக ஓடுகிறது. நீ பதினான்கு படிகளாக எழுதி அனுப்பிய செய்முறைத் தாளை மட்டும் சுவரிலிருந்து எடுக்கவில்லை, ரேடியோவைக் கடைசியில் போடு என்பது இதற்கும் பொருந்துமாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும். மறந்துவிடாதே, இங்கே இப்போது எதுவும் கெட்டுப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா