மாக்ஸின் முதுகு

9 மார்ச் 1926, செவ்வாய். புந்தோங், ஈப்போ

விடியற்காலை முதல் மழை. மாக்ஸை நான் தடியால் அடித்தேன் என்று தெருவில் பேச்சு. அடிக்கவில்லை. இந்த வீட்டில் தடியே கிடையாது. என் கணவரின் கைத்தடியை அவரோடு அடக்கம் செய்துவிட்டோம். நாற்காலியிலிருந்து குதித்தான், அலறினான், அவ்வளவுதான். பின்னங்கால் இரண்டும் இழுபடுகின்றன. வயது ஆறு. டாஷ்ஹண்ட் நாய்: நீள உடம்பு, குட்டைக் கால். முதுகைத் தொட்டால் கத்தல். ரொட்டி, பால் எடுத்துக்கொண்டான்.

10, புதன்

மழை விட்டது. பக்கத்து வீட்டுத் தெய்வானை வேலியோரம் நின்று, “பின்னங்காலு செத்துப்போச்சுன்னா வெறிதான்லா! சுடச் சொல்லுங்க, புள்ளைங்க இருக்கு.”

“வெறி பிடித்தது இப்படித் தண்ணீர் குடிக்குமா? வந்து பார்.”

வரவில்லை. புகார் போய்விட்டது. மதியம் இன்ஸ்பெக்டர். தொப்பியைக் கழற்றினார், அந்த மட்டும் மரியாதை.

“திங்கக்கிழம துப்பாக்கியோட வாரேன்மா. மிருக வைத்தியர் வெறி இல்லேன்னு எழுதிக் குடுத்தா விட்டுர்றேன். வாய்ச்சொல் பத்தாது.”

செய்ய வேண்டியது: பெட்டி, வைக்கோல், அசையவிடக் கூடாது.

11, வியாழன்

தைப்பிங் வைத்தியர் பந்தயக் குதிரைகளைப் பார்க்க ஈப்போ வந்திருந்தார். கெஞ்சி அழைத்துவந்தேன். வெள்ளைக்காரர், அவசரக்காரர். முதுகை அழுத்திப் பார்த்தார். பேனாவும் எடுத்துவிட்டார். பிறகு ஒரு கேள்வி: “பின்னங்காலில் நிற்கப் பழக்கினீர்களா? இந்த இனத்துக்கு அது முதுகைக் கெடுக்கும்.”

“இல்லை” என்றேன்.

பேனா சட்டைப்பைக்குத் திரும்பியது. முதுகு கெடக் காரணம் தெரியாமல், வெறியில்லை என்று உறுதி கூற இயலாதாம். மாலை ரயிலில் போய்விட்டார்.

12, வெள்ளி

மாக்ஸ் படுத்தபடியே சிறுநீர் விட்டான். துணி மாற்றியாயிற்று. வெயில்.

சமையல்கார அந்தோணியம்மாள்: “ஏம்மா பொய் சொன்னீங்க? ஜெபம் முடியிற வரைக்கும் ரெண்டு கால்ல நிப்பாட்டி வச்சீங்களே. விருந்தாளி வந்தா ஜெபம் இன்னும் நீளும். நாய்க்கு எதுக்கும்மா ஜெபம்?”

“உன் அடுப்பைப் பார்” என்றேன்.

அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் எழுத உட்கார்ந்தேன். வைத்தியருக்குக் கடிதம். அவள் கணவன் பகல் ரயிலில் தைப்பிங்குக்குக் கொண்டுபோகிறான். நகல்:

ஐயா, நேற்று நான் பொய் சொன்னேன். நான்கு வருடமாக மூன்று வேளையும், உணவுக்கு முன் மாக்ஸைப் பின்னங்காலில் நிறுத்திக் கைகூப்ப வைத்தேன். வந்தவர்கள் மெச்ச வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. இன்றும் தண்ணீர் குடிக்கிறான், யாரையும் கடிக்கவில்லை. திங்களன்று சுட வருகிறார்கள். முதுகா, வெறியா என்பதைத் தங்கள் கையெழுத்துடன் எழுதி, இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளிடமே கொடுத்தனுப்பவும்.