டிரிப்ஸ் இயந்திரம் பற்றி மெர்சிக்கு

என் மெர்சிக் குட்டிக்கு,

நீ போன பிறகு உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. உன் இடத்துக்கு ஆள் எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நம் சோதனைப் பிரிவில் பாதிப் பேர் இப்போது இல்லை. அவர்கள் வேலையை ஒரு நிரல் பார்க்கிறது. காலையில் போனால் திரை முழுக்கப் பச்சை டிக். பட்டப்பகலிலேயே ஏசி ஓடும் சத்தம் கேட்கிறது.

டிரிப்ஸ் ஏற்றும் இயந்திரத்துக்குள் ஓடுவது நம் மென்பொருள்தான் என்றால் வெளியில் யார் நம்புகிறார்கள்? உன் கடைசி வாரத்தில் உன் கட்டிலருகிலும் அதுதான் இருந்தது. நான் அதையே பயத்தோடு முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "பேடிக்காண்டாம் அக்கா, நம்ம சோதிச்சதாக்கும்" என்றாய். நாகர்கோவில் பேச்சு உன்னை விட்டுப் போகவே இல்லை.

போன மாதம் அதன் புதுப் பதிப்பு சோதனைக்கு வந்தது. நர்ஸ் மருந்தின் வேகத்தைக் குறைக்கும் அதே நொடியில் கரண்ட் போய், இயந்திரம் பேட்டரிக்கு மாறினால் என்ன ஆகும் என்று தண்ணீர்ப் பையை மாட்டிச் சோதித்தேன். திரை புது வேகத்தைக் காட்டியது. தண்ணீர் பழைய வேகத்தில் இறங்கியது. ஒவ்வொரு முறையும் இல்லை, எப்போதாவதுதான். ஆனால் என் கண்ணால் பார்த்தேன்.

நம் மேலாளர் ஆனந்திடம் போனேன்.

"அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிக்கலாமுங்க கீதா. ஆட்டோமேட்டிக் டெஸ்ட் எல்லாமே பாஸ் ஆயிருச்சே."

"நக்கோ ஆனந்த். நான் ஒப்புதல் தரமாட்டேன்."

"நீங்க தராட்டியும் இது போயிருமுங்க."

மிரட்டலாகச் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னார். அவருக்கும் யாரிடமோ பயம்.

மேலே உள்ள எல்லோருக்கும் மெயில் போட்டேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே பதிப்பு வெளியானது. ஒப்புதல் அளித்தவர் என்ற இடத்தில் மனிதப் பெயரே இல்லை, நிரலின் பெயர்தான் இருந்தது. கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு என் மேசைக்கும் வந்தது.

அதன் பிறகு எல்லோரும் என்னிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். மீட்டிங்குக்கு மட்டும் கூப்பிடுவதில்லை. திங்கட்கிழமை வந்து பார்க்கும்படி மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. என்ன விஷயம் என்று எழுதவில்லை. "வதிலேய் மா, விட்டுடு, வேற ஜாப் கிடைக்கும்" என்கிறாள் என் மகள். கிடைக்கும்தான். அதுவா கேள்வி?

நேற்று ஒரு புகாரைப் பார்த்தேன். ஏதோ சிறிய ஊர் மருத்துவமனை. திரையில் உள்ள வேகமும் பையில் இறங்கிய மருந்தும் ஒத்துப்போகவில்லையாம். 'நர்ஸின் கவனக்குறைவு' என்று நம் ஆட்கள் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நாம் நேரடியாக மருத்துவமனையோடு பேசக்கூடாது என்பது உனக்குத் தெரியும். கார் பார்க்கிங்குக்கு இறங்கிப் போய், புகாரில் இருந்த எண்ணில் அந்த நர்ஸுக்குப் போன் செய்தேன். சின்னப் பெண்ணின் குரல்.

"நான் குறைச்சது நல்லா ஞாபகம் இருக்கு மேடம். எல்லாரும் என்னையத்தான் சொல்றாங்க. எனக்கே சந்தேகமா ஆயிடுச்சு."

"உன் மேல தப்பு இல்லம்மா. மெஷின்ல தப்பு. நான் பார்த்தேன், எழுதியே தர்றேன்."

அவள் அழுதாள். நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அழுகை இன்னும் கூடியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மேடம், இங்க எல்லா பெட்லயும் இதே மெஷின்தான் ஓடுது. நான் இப்ப என்ன செய்யட்டும்?" என்றாள்.

மெஷின்களை நிறுத்திவிட்டு, கையால் வேகம் வைத்து ஏற்றச் சொன்னேன். என் முழுப் பெயரையும் சொன்னேன்.

மெர்சி, அந்த வார்டில் இயந்திரங்களை நிறுத்தியாயிற்று. மற்ற ஊர்களில் இந்த நேரம் யார் யார் கட்டிலருகில் ஓடிக்கொண்டிருக்கிறதோ? திங்கட்கிழமை என்னிடம் என்ன நீட்டினாலும், வாயை மூடிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடமாட்டேன். ஒவ்வொரு மருத்துவமனையாகக் கூப்பிடுவேன். இது உனக்குத் தரும் வாக்கு.

செகந்திராபாத்திலிருந்து,
கூடப் பிறக்காத உன் அக்கா
கீதா