அடுப்படிக்கு வந்த பங்காக் கயிறு

எனக்கு மட்டும் வியர்க்காதா என்று நேற்றே கேட்க நினைத்தேன். தச்சர் எதிரில் உங்கள் மரியாதை போகுமே என்று அடக்கிக்கொண்டு, இன்று இந்தச் சீட்டில் எழுதிவைக்கிறேன்.

கூடத்து உத்தரத்தில், கயிற்றை இழுத்தால் காற்று வீசும் துணிப் பங்கா மாட்டியது சரி. சுவரில் துளை போட்டு அதன் கயிற்றை அடுப்படிக்குள் விட்டது என்ன யோசனை? நாளை நகரசபைத் தலைவர் மேர் ஐயா சாப்பிட வரும்போது நான் இழுக்க வேண்டுமாம்.

"இன்னா பெரிய வேல? அடுப்பாண்ட சும்மா குந்திக்கினுதான இருக்கிற, காலால இழுத்துக்கினே சமையேன்" என்றீர்கள். தச்சரும் சிரித்தார்.

பாகூரில் தங்கை செங்கமலத்தைப் பார்த்துவிட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்துவிடுவேன். சோறும் நெத்திலிக் குழம்பும் உறியில் இருக்கின்றன. வயலிலிருந்து வந்ததும் முதலில் மோர் குடியுங்கள்.

மறந்துவிட்டேன்: துளையைக் களிமண்ணால் அடைத்தாயிற்று. கயிறு கூடத்தில் உங்கள் நாற்காலியருகே தொங்குகிறது. நாளை விருந்து குறைவில்லாமல் சமைப்பேன். கயிற்றை இழுக்க மாட்டேன்.