மெஷின் கேட்ட பேர்

ஜூன் 11
சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு கொண்டுவருகிறவர்கள் இன்னும் அந்த நம்பருக்குப் போன் போட்டுப் பார்க்கிறார்கள். தினமும் அதில் விலை சொன்ன என் வீட்டுக்காரர் மாசியில் நெஞ்சு நோயில் போய்விட்டார். அவர் பேசிப் பதிந்ததெல்லாம் சென்னையில் ஒரு வாடகை மெஷினில் இருக்கிறது. மாதக் கடைசியில் அதை மூடி அழிக்கப் போகிறார்களாம். அவர் குரல் வேறு எங்கும் என்னிடம் இல்லை.

ஜூன் 14
கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அப்சர் ராசிபுரத்திலிருந்து வந்தார். எங்கள் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அந்த மெஷினைக் கூப்பிட்டால் வெகுநேரம் அப்படியே நிற்கிறது, பிறகு அறுந்துவிடுகிறது.

“நெட் லைன் மாத்துனீங்களாக்கா?”

“ஆமாங்க, மழையில பழசு போயிருச்சு.”

“அதான். புது லைனுக்குப் புது நெட் நம்பர். அந்த மெஷின், இந்த நம்பரு யார் பேருலன்னு விசாரிக்கும். பேர் கெடைச்சா, அந்தப் பேருக்கு என்ன நம்பருன்னு திருப்பி விசாரிக்கும். ரெண்டும் ஒத்துப்போய், அண்ணன் அதுல எழுதிவெச்ச பேரா இருந்தாத்தான் உள்ள விடும். இதுக்குப் பேரே இல்ல. காத்துக் காத்துப் பாத்துட்டுக் கதவைச் சாத்திருது.”

அசந்துபோய் நின்றேன். அவ்வளவு தூரத்தில் ஒரு இரும்புப் பெட்டி — போய் விசாரிக்கிறது, திரும்பி வந்தும் விசாரிக்கிறது! என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூட இப்படி விசாரிக்கவில்லை.

ஜூன் 19
ரேஷன் கார்டில் உள்ள அவர் பேரை அப்சர் புது லைனுக்கு வைத்தார். நம்பரும் பேரும் ஒத்துப்போயும் மெஷின் விடவில்லை.

“அண்ணனுக்கு வேற பேர் உண்டாக்கா?”

“தெரியாதுங்க.”

தெரியும். ஊட்டுல அம்மா கூப்புட்ட பேரத்தான் லைனுக்கு வெச்சிருக்கேன் என்று அவர் ஒருநாள் சிரித்தாரே. அந்த அம்மாவும் இப்போது இல்லை. எங்கள் பக்கம் புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம், சொன்னால் அவர் ஆயுசு குறையும். இனி எந்த ஆயுசு? ஆனாலும் வாய் வரலையே சாமி.

ஜூன் 26
இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 28
அப்சருக்குப் போன் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

“சின்னக்கண்ணு.”

“அது யாருங்கக்கா?”

“உங்க அண்ணன்தான்.”

“அந்தப் பேரையே வெச்சர்றேன்க்கா. எல்லா எடத்துக்கும் பேர் தெரிய ஒரு நாள் ஆகும்” என்றார்.

ஜூன் 30
திறந்துவிட்டது. நம்பர் பேரைச் சொன்னது, பேர் நம்பரைச் சொன்னது, மெஷின் நம்பிவிட்டது. இதையெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் செய்கிறது! அப்சர் எல்லாவற்றையும் என் போனில் இறக்கிக் கொடுத்தார்.

முதலில் வந்தது ஏதோ மழை நாளில் அவர் பதிந்தது. “நல்லாக் காய வெச்சுக் கொண்டாங்க, ஈர மிளகுக்கு வெல இல்லீங்க” என்கிறார். நடுவில் இருமுகிறார்.

ஏனுங்க சின்னக்கண்ணு, அப்பவே இருமியிருக்கீங்களே. எங்கிட்ட ஏனுங்க சொல்லல?