தம்பி சொன்னதும் நான் போய்ச் சொன்னதும்

ஏப்ரல் 13, சனி

முட்டி: பத்துக்கு நான்கு.

தினமும் வலிக்கு ஒரு எண் போட்டு எழுதி வையுங்கள் என்று ஹார்ஷம் நகரத்து பிசியோகாரி இந்த நோட்டைக் கொடுத்தாள். ஒரு எண்ணுக்கு ஒரு பக்கம். மீதி இடத்தை என்ன செய்வது, கோதுமை விதைப்பதா? ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். அதற்குத் தண்டனையாகப் பள்ளிப் பேருந்து ஓட்டி, அதே வாசலுக்குத் தினம் இரண்டு முறை போய் வருகிறேன். இப்போது வீட்டுப்பாடம் வேறு.

இன்று பருவத்தின் முதல் ஆட்டம். ஃபுட்டி, அதாவது கையாலும் காலாலும் ஆடும் எங்கள் ஆஸ்திரேலியக் கால்பந்து. எங்கள் ஊர் அணிக்கு என் தம்பி ரஸ்ஸல்தான் பயிற்சியாளன். நான் ரன்னர். கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவன் கத்துவதை, ஆட்டம் நடக்கும்போதே உள்ளே ஓடிப் போய் உரிய ஆளிடம் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடி வரவேண்டும். என்னை ஆட்டக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம், அதற்காகக் கண்ணைக் குத்தும் இளஞ்சிவப்புச் சட்டை. ஐம்பத்தொரு வயதில், இந்த இடுப்போடு, அந்தப் பயம் ரொம்ப நியாயம்தான்.

இந்த வருடம் ரஸ்ஸலின் மகன் ஹேமிஷ் பெரியவர்கள் அணியில். பதினெட்டு வயது. இரண்டு மீட்டர், மூன்று சென்டிமீட்டர். அதில் பாதி போன வருடம்தான் வந்த மாதிரி இருக்கிறது, இன்னும் எதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நடுவர் பந்தை மேலே எறியும்போது எதிரணி நெட்டையனை விட உயரத் துள்ளி, நம் குட்டையர்கள் பக்கம் தட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பதினொரு முறை துள்ளினான். பந்து கையில் பட்டது இரண்டு முறை. மற்ற ஒன்பது முறையும் யாராவது ஒருவர் மேல் இறங்கினான்.

ரஸ்ஸல் அனுப்பிய செய்தி: “அந்த ஏணிகிட்டப் போய்ச் சொல்லு, பந்து மேல இருந்து வரும், புல்லுல தேட வேண்டாம்னு!”

அப்படியே போய்ச் சொன்னேன். சொல்லத்தானே ரன்னர். பையனின் காது இரண்டும் சிவந்தன. அதற்கப்புறம் அவன் துள்ளவே இல்லை. சும்மா கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், பேருந்துக்கு நிற்கிறவன் மாதிரி.

நாற்பது புள்ளியில் தோற்றோம்.

ஏப்ரல் 15, திங்கள்

முட்டி: ஐந்து.

ஹேமிஷுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். என் பேருந்தில்தான் வருகிறான், பின் சீட்டில், முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில். சாயங்காலம் எல்லோரும் இறங்கின பிறகு முன்னால் வந்து நின்றான். நின்றால் கூரை இடிக்கும், அதனால் குனிந்து.

“அத்தை, ஜூன் வரைக்கும் பார்க்கிறேன். அப்புறம் ஃபுட்டியை விட்டுடப் போறேன்.”

“அப்பாகிட்டச் சொல்லிட்டியா?”

“சேதி கொண்டுபோறது உங்க வேலைதானே. நீங்களே சொல்லிடுங்க.”

அவர்கள் வீட்டில் அப்பனும் மகனும் பேசிக்கொள்வது இவ்வளவுதான்: சாஸ் பாட்டிலை இங்கே தள்ளு, நாய்க்குத் தண்ணீர் வை. மற்றதெல்லாம் சனிக்கிழமை மதியம், என் கால் வழியாக.

போகிற வழியில் ரஸ்ஸலின் வாசல் வந்தது. வண்டியை நிறுத்தினேன். அப்புறம் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 27, சனி

முட்டி: ஐந்து. மனசாட்சி: அதற்கு பிசியோகாரி எண் கேட்கவில்லை.

மூன்றாவது ஆட்டம். ரஸ்ஸல் எழுந்து நின்று கத்தினான். “அவனை வீட்டுக்குப் போய் அவங்க அம்மாவை அனுப்பச் சொல்லு! அவ இதை விட நல்லாத் துள்ளுவா!”

பெஞ்சிலிருந்து மைதானத்தின் நடுவுக்கு எண்பது மீட்டர். என் வேகத்தில் அது நீண்ட பயணம், யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. போய்ச் சேர்வதற்குள் செய்தி மாறிவிட்டது.

“அப்பா சொன்னார், காலெடுத்து வைக்கிறது நல்லா இருக்காம். இன்னும் ஒரு நொடி பொறுத்துத் துள்ளச் சொன்னார்.”

“அப்பாவா?”

“இல்ல, பிரதமர். ஓடுடா.”

ஒரு நொடி பொறுத்துத் துள்ளினான். பந்தைத் தொட்டான். யாருடைய கைக்குத் தட்டிவிட்டான் என்று கேட்கக் கூடாது, எதிரணிக்குத்தான். ஆனால் தொட்டான்.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தேன். “சொல்லிட்டியா?” என்றான் தம்பி. “வார்த்தைக்கு வார்த்தை” என்றேன்.

மே 11, சனி

முட்டி: ஆறு.

எனக்கு இப்படி ஒரு திறமை இருப்பது ஐம்பத்தொரு வருடம் தெரியாமல் போனதே. இன்று ரஸ்ஸல், “அந்தக் கொக்குக்கு மீனே பிடிக்கத் தெரியல, ஒத்தக் கால்ல நிக்க மட்டும் தெரியுது” என்றான். போய்ச் சேர்ந்தபோது அது, “நிதானமா நிக்கிற, அப்படியே இரு” என்று ஆகியிருந்தது. ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் சொன்னதை இங்கே எழுதக்கூட முடியாது, அதில் மறுபடியும் பையனின் அம்மா வந்தாள். அதை “தண்ணி குடி” என்று சுருக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

தம்பி சொல்வதையெல்லாம் இங்கே குறித்து வைத்துவிடுகிறேன். வீணாகப் போகக் கூடாது பாருங்கள், அவ்வளவு உழைப்பு.

மே 18, சனி

முட்டி ஏழு. மழை. சேறு. தோல்வி. கேண்டீனில் மீட் பை என்கிற இறைச்சிப் பலகாரம் தீர்ந்துவிட்டது, வெறும் சாஸ்தான் இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

முட்டி: ஐந்து.

ஜூன் முடிந்தது. யாரும் எதையும் விடவில்லை. நான் கேட்கவும் இல்லை. தூங்குகிற நாயை எதற்கு எழுப்ப?

நேற்று ஹேமிஷ் இருபது முறை துள்ளி ஒன்பது முறை தட்டினான், அதில் ஐந்து நம் ஆட்களுக்கு. ரஸ்ஸலுக்குப் போதவில்லை. தம்பி நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர். அவனைப் போன்ற குட்டையர்கள் பதினேழு வயதிலேயே வெந்து இறங்கிவிடுவார்கள். நெட்டையர்களுக்கு எலும்பும் மூளையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் ஆவதற்கே நாலைந்து வருடம் வேண்டும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கேண்டீனில் வெங்காயம் வதக்குகிறவளுக்குத் தெரியும். பயிற்சியாளனுக்கு மட்டும் தெரியாது.

விதைத்துவிட்டு ஆறு மாதம் வானத்தைப் பார்த்து உட்காருகிறவன் இவன். ஒரு கிடா தேறுமா தேறாதா என்று மூன்று வருடம் தீனி போட்டுப் பார்க்கிறவன். மகன் மட்டும் சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம் முடியும் சைரனுக்குள் விளைந்துவிட வேண்டும்.

ஜூலை 13, சனி

முட்டி எண் எழுதத் தோன்றவில்லை.

ஐந்து புள்ளி முன்னால் இருந்தோம். இரண்டு நிமிடம் பாக்கி. ஜெயித்தால் நாலாவது இடம். சற்று முன் நாங்கள் கோல் போட்டதற்காக மைதானத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த கார் எல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் ரஸ்ஸல் என் காதில் கத்தினான். “அந்தத் தந்திக் கம்பத்தைப் பின்னால நம்ம கோல்கிட்டப் போய் நிக்கச் சொல்லு! அங்கயாவது எதுக்காவது உதவட்டும்!”

ஓடினேன். பழக்கதோஷம். தந்திக் கம்பம் என்று ஆரம்பித்ததுமே மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிட்டேன். அதில் திட்டு பாதிதான், மீதி நிஜமான உத்தரவு – எனக்கு உறைக்கவே இல்லை.

“அப்பா சொன்னார், பிரமாதம், அப்படியே ஆடு.”

அப்படியே ஆடினான். நடுவிலேயே நின்றான். எதிரணி நீளமாக உதைத்தது, எங்கள் கோல் முன்னால் உயரமான ஆள் ஒருவரும் இல்லை, அவர்கள் ஆள் நிம்மதியாகப் பந்தைப் பிடித்தான். சைரன். பந்தைப் பிடித்தவனுக்கு சைரனுக்குப் பிறகும் ஒரு உதை உண்டு. உதைத்தான், கோல். ஆறு புள்ளி. ஒரு புள்ளியில் போச்சு.

உடை மாற்றும் அறையில் ரஸ்ஸல் எல்லோர் முன்னாலும் மகனிடம் போய் நின்றான். அண்ணாந்துதான் நிற்க வேண்டியிருந்தது.

“பின்னால போன்னு ஆள் அனுப்பினேனே. வந்தாளா இல்லையா?”

ஹேமிஷ் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஊரே பயப்படும் வாய்.

“வந்தாங்கப்பா. சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்.”

ஜூலை 15, திங்கள்

பேருந்தில் கேட்டேன். “எதுக்குடா பழியை நீ ஏத்துக்கிட்ட?”

“விடுங்க அத்தை. ரன்னர் வேலைக்கு வேற ஆள் கிடைக்காது.”

இவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்து எனக்கு ஏன் இந்தக் கஷ்டத்தைக் கொடுக்கிறான்? திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜூலை 18, வியாழன்

பயிற்சி முடிந்து அணிப் பட்டியல் ஒட்டினார்கள். ஹேமிஷ் இரண்டாம் அணியில். பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், சாப்பிடாமல் போய்விட்டான். காலணியை எடுத்துப்போகவில்லை. பெஞ்சுக்கு அடியில் கிடந்தது, இரண்டு படகு மாதிரி.

நான் செய்தது. நான்தான் செய்தேன்.

ஜூலை 19, வெள்ளி

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு ரஸ்ஸலின் பட்டிக்குப் போனேன். ஆட்டுக்குட்டிகளுக்குக் காதில் அடையாள அட்டை குத்திக்கொண்டிருந்தான். சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன், நிறுத்தினால் வீட்டுக்கு ஓடிவிடுவேன் என்று தெரியும்.

“எத்தனை வாரமா?”

“ஏப்ரல் கடைசியில இருந்து.”

“நான் சொன்னதுல எதுவுமே போய்ச் சேரலயா?”

“‘தண்ணி குடி’ போச்சு. அதுகூட நீ சொன்னதில்ல.”

முகம் செங்கல் மாதிரி ஆயிற்று. “உன்னை நம்பித்தானே அனுப்பினேன், நரெல்! மேட்ச் தோத்தோம்! நான் என்ன அப்படிக் கேவலமாவா பேசிட்டேன்?”

“படிக்கவா?”

படித்தேன். என் படிப்புக்கு எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும், அதனால் ஒவ்வொன்றும் மெதுவாகப் போய் விழுந்தது. ஏணி. கொக்கு. நடுவில் ஒரு தடவைதான் குறுக்கிட்டான்.

“அவங்க அம்மாவை இழுத்தேனா?”

“ரெண்டு தடவை. ஒண்ணை எழுதல.”

கடைசியாக, ஏப்ரல் 15. ஜூனில் விட்டுவிடப் போகிறேன் என்று பையன் சொல்லச் சொன்னது. “இதையும் நான் கொண்டு வந்து சேர்க்கல. வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிட்டேன்.”

தம்பி அடுத்த குட்டியை எடுத்தான். பெட்டைக்கு ஒரு காது, கிடாவுக்கு மறு காது. முப்பது வருடத்தில் முதல் தடவையாகத் தப்பான காதில் குத்தினான். குத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு அந்தச் சட்டையைத் துவைச்சுப் போட்டுட்டு வா. நாறுது” என்றான்.

இன்னும் வேலையில் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 25, வியாழன்

பட்டியலில் பெயர் திரும்பி வந்துவிட்டது. அப்பனோ மகனோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்களா? சாஸ் பாட்டிலைத் தள்ளியிருப்பார்கள்.

ஜூலை 27, சனி

முட்டி: எட்டு. பரவாயில்லை.

முதல் பாதி முழுக்க ரஸ்ஸல் என்னை எங்கேயும் அனுப்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, சம்பளம் இல்லாத வேலையில் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம். மூன்றாவது கால்பகுதியில் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

“அக்கா.” இவனுக்கு ஏதாவது வேண்டுமென்றால்தான் நான் அக்கா. “அவன்கிட்டப் போய்…”

“என்ன?”

பக்கத்து ஆளுக்குக் கேட்டுவிடும் என்று பயப்படுகிறவன் மாதிரி முணுமுணுத்தான். “பொறுத்துப் பார்த்துத் துள்றான். நல்லா இருக்கு. அதையே பண்ணட்டும்.”

முட்டியை மறந்து ஓடினேன். கையில் முதல் தடவையாக அசல் சரக்கு. வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன்.

ஹேமிஷ் சிரித்தான். “இது அழகா இருக்கு அத்தை. போன மாசத்தை விடத் தேறிட்டீங்க.”

“டேய், இது நிஜம்டா. அவனே சொன்னான்!”

“அத்தை. அப்பா கத்தறது ரயில்பாதை ஓரத்துக் கோதுமைக் குதிர் வரைக்கும் கேட்குது. எனக்குக் கேட்காதா? எனக்கும் ரெண்டு காது இருக்கு, எல்லாரையும் விட உயரத்துல. அவர் சொல்றது முதல்லயே வந்துடும். பின்னாடியே நீங்க மூச்சு வாங்கிட்டு வந்து வேற ஒண்ணு சொல்வீங்க. அன்னைக்கு ஹாரன் சத்தத்துல மட்டும்தான் கேட்கல.”

“அப்போ… ஏப்ரல்ல இருந்தேவா?”

“நீங்க மாத்திச் சொல்றதைக் கேட்கத்தான் ஜூனுக்கு அப்புறமும் வந்துட்டிருக்கேன். இன்னைக்கு அவர் கத்தவே இல்ல. நீங்களாவே கிளம்பி வந்துட்டீங்க.”

திட்டை எல்லாம் ஊர் கேட்கக் கத்திவிட்டு, நல்லதை மட்டும் முணுமுணுத்தால் எவன் நம்புவான்? திரும்பி ஓடினேன். “நம்ப மாட்டேங்கிறான். நான் எத்தனை சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டான், என் யோக்கியதை அப்படி. நீயே சொல்லிக்கோ.”

ரஸ்ஸல் எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்து கோடு வரைக்கும் போய், இரண்டு கையையும் வாயில் குவித்து, குதிர் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

“ஹேமிஷ்! நல்லாத் துள்றடா! நான்தான் சொல்றேன்!”

மைதானம் அடங்கிவிட்டது. எதிரணி நெட்டையன்கூடத் திரும்பிப் பார்த்தான். யாரோ ஒருவர் காரில் ஒரே ஒரு ஹாரன் அடித்தார்.

அடுத்த பந்துக்கு ஹேமிஷ் துள்ளவே இல்லை. எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். பந்து அவன் தலைக்கு மேலே போயிற்று. ரஸ்ஸல் திரும்பவும் தொப்பியைக் கடிக்க ஆரம்பித்தான். நான் இரண்டு பேரையும் பார்க்காமல் ஐஸ் பெட்டியில் எதையோ தேடினேன்.

செப்டம்பர் 7, சனி

அரையிறுதியில் முப்பத்தொரு புள்ளியில் தோற்றோம். பருவம் முடிந்தது.

ஆட்டம் முழுக்க நான் நாலே முறைதான் உள்ளே ஓடினேன், நாலும் வேறு ஆட்களுக்கு. ஹேமிஷ் மூச்சு வாங்க வெளியே வரும்போதெல்லாம் ரஸ்ஸல் அவன் பக்கத்தில் போய் நின்று திட்டினான். ஆமாம், இன்னும் திட்டுத்தான். “என்னடா அது, துணி காயப்போடறியா?” “நீங்க வந்து துள்ளிப் பாருங்க, அந்த நெட்டையன் இடுப்புக்குத்தான் வருவீங்க.” இரண்டு பேருக்கும் சிரிப்பு.

ஆட்டம் முடிந்ததும் மாவட்ட இளைஞர் அணியிலிருந்து ஒருவர் நோட்டோடு வந்தார். இந்த நெட்டையன் எப்போது தயாராவான் என்று ரஸ்ஸலிடம் கேட்டார்.

தம்பி மகனை அண்ணாந்து பார்த்தான். “என்ன அவசரம்? இருபத்துமூணு, இருபத்துநாலு ஆகட்டும்.”

“இருபத்தஞ்சு” என்றான் ஹேமிஷ், வாய் நிறைய மீட் பையோடு.

“சரி, இருபத்தஞ்சு.”

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். யாரும் என்னை எங்கேயும் அனுப்பவில்லை.