மார்கழியில் வண்டி எடுப்பதில்லை

கார்த்திகை 22, திங்கள்

காலையிலிருந்து தூறல். செண்டுமல்லி பறிக்கவில்லை. நனைந்த பூவை மார்க்கெட்டில் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். மோட்டார் ரூமில் மறுபடி ஒழுகல், ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

கனடாவிலிருந்து மகள் தேனு பேசினாள். அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதாம். விடியுமுன்னே காரில் ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகிறவள். பழைய கார், முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், டயர் வேறு தேய்ந்து கிடக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற புது வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறாள். அது தேவையா, இல்லை பழசுக்கே பனி டயர் மாட்டினால் போதுமா என்று கேள்வி.

இவருக்கு, தேனுவின் அப்பாவுக்கு, ஒரே குஷி. சிறுமலையிலிருந்து ஜீப்பில் எலுமிச்சையும் வாழைத்தாரும் இறக்குகிறவராயிற்றே. "நாலு சக்கரமும் இழுக்கணும்த்தா. ரெண்டு வழுக்குனாலும் மிச்சம் ரெண்டு தூக்கி விட்ரும். புது வண்டி வரப்போகுது, பழசுக்கு எதுக்கு டயரு? தண்டம்."

அப்புறம் தேனு என்னிடம்: "எப்பம்மா எடுக்கட்டும்? அடுத்த வாரம் ஷோரூமுக்கு வந்துரும்ங்கிறாங்க."

அடுத்த வாரம் மார்கழி பிறந்துவிடும். "மார்கழில யாராச்சும் வண்டி எடுப்பாகளாடி? தை பொறக்கட்டும்."

சரிம்மா என்றாள். மறுபேச்சு இல்லை.

கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை கேட்காதவள். ரிஜிஸ்டர் ஆபீசில் முடித்துவிட்டு போட்டோ அனுப்பினவள். இதற்கு என்னைக் கேட்டாள். நாள் பூராவும் அதே நினைப்பு. சாம்பாரில் உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது.

கார்த்திகை 27, சனி

வெயில். பூ பறிப்பு. இடுப்பு வலி.

தேனு கட்டிக்கொண்ட ஜோசப்பிடமிருந்து இவருக்கு போன். திண்டுக்கல் டவுன்காரன், வேதக்காரர் வீட்டுப் பையன். நான் அவனோடு பேசுவதில்லை. ஸ்பீக்கரில் காதில் விழுந்தது:

"மாமா, கௌம்புறதுக்கும் மேடு ஏறுறதுக்கும்தான் நாலு சக்கரமும் இழுக்குறது உதவும். பிரேக் போட்டா நிக்கணும்ல, அதுக்கு டயருதான். அதை மட்டுமாச்சும் இப்பவே மாத்திருவோம். தேனு கேக்க மாட்டேங்கிறா. அப்பா அம்மா சொன்னதுதான்ங்கிறா."

"சிறுமலைக் கொண்டை ஊசில வந்து ஓட்டிப் பாரு தம்பி. பெறகு பேசு."

போனை வைத்துவிட்டு, "எனக்கு வண்டி சொல்லித் தர்றான்" என்று உறுமல். நானும் ஆமாம் போட்டேன். வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவனுக்கு எதிர்ப்பேச்சு என்றால் என் தலை தானாக ஆடுகிறது. மார்கழி அவனுக்கென்ன, கிறிஸ்துமஸ் மாசம்.

பார்சலுக்கு: பருப்புப் பொடி, சுண்டவற்றல், மோர்மிளகாய். அவனுக்கு வற்றல் பிடிக்காதாம். இருக்கட்டும்.

மார்கழி 2, புதன்

ராத்திரி நல்ல மழை. தோட்டத்துப் பாதை சகதி.

இவருக்கு ஒரு யோசனை. "இந்தா, போன்ல படம் புடி. அந்தத் தம்பிக்கு அனுப்பணும்." நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டு ஜீப்பைச் சகதியில் இறக்கினார். ஏறியது. அம்புட்டு அழகாக ஏறியது. வரப்பு மேட்டில் திருப்பிச் சரிவில் வந்தார், பிரேக் போட்டார். வண்டி நிற்கவில்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் மூக்கைக் குத்தியது. நான் சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"அழிச்சிரு அதை" என்றார். செத்த நேரம் கழித்து, "சேறு வேற, பனி வேற."

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதும் இதைத்தானே. இவர் முகத்தைப் பார்த்தேன். இவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், வாய்க்குப் போகவில்லை.

மார்கழி 3, வியாழன்

பனிமூட்டம். கோலத்துக்குப் பூசணிப்பூ கிடைத்தது. தலைவலி.

தேனுவிடம், டயரையாவது மாற்றிக்கொள் என்று சொல்ல வேண்டும். போனை எடுத்தேன். அங்கே தூங்குகிற நேரம். சாயங்காலம் பேசலாமென்று வைத்தேன். சாயங்காலம் மாடு அவிழ்த்துக்கொண்டது, தேடிப் பிடித்து வருவதற்குள் இருட்டிவிட்டது. பொய் எதற்கு? அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. சொன்ன சொல்லை மாற்றினால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே என்று இருந்துவிட்டேன்.

புது வண்டி வந்துவிட்டதாம், இவர் சொன்னார். தைக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாளாம்.

மார்கழி 5, சனி

தேனுவுக்கு ஆக்சிடென்ட். உயிருக்கு ஒன்றுமில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை.

டூட்டிக்குப் போகிற வழி, இறக்கத்தில் சிக்னல். பிரேக் போட்டிருக்கிறாள். கார் நிற்காமல் சறுக்கிக்கொண்டு நடு ரோட்டுக்குப் போய்விட்டது. குறுக்கே வந்த வேன் அவள் பக்கக் கதவில். இடது கை இரண்டு இடத்தில் முறிவு, ஆபரேஷன்.

ஜோசப்தான் பேசினான். ஒரு வார்த்தை எங்களைக் குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இவர் கேட்டார்: "புது வண்டியா இருந்தா நின்னிருக்குமா தம்பி?"

"நல்ல டயர் இருந்தா பழசே நின்னிருக்கும் மாமா."

இவர்தான் டயர் வேண்டாம் என்றார், நான் இல்லை என்று கொஞ்ச நேரம் மனசுக்குள் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. புது வண்டியைத் தள்ளிப்போட்டது யார்? மாசமா முக்கியம்? என் பேச்சைக் கேட்கிறாள் என்கிற ருசி. அதுதான்.

விளக்கு ஏற்றவில்லை. அடுப்பும்.

மார்கழி 7, திங்கள்

வெயில் வந்தும் குளிர். பூ செடியிலேயே கிடக்கிறது.

தேனு வீடியோவில் வந்தாள். கையில் கட்டு, நெற்றியில் கன்றிப்போன நீலம். சிரித்துக்கொண்டுதான் பேசினாள். பின்னால் அவன் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். கோணல்மாணலான பின்னல்.

"எதுக்குடி நாங்க சொன்னதைக் கேட்ட? உன் இஷ்டத்துக்குச் செய்றவதானே நீ?"

"ஒரு தடவை கேக்காமச் செஞ்சதுக்கு நீ ரெண்டு வருசமா இவரோட பேசலையேம்மா. இதையாச்சும் கேட்டா பேசுவியோன்னுதான்."

அவன் சீப்பை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தேனுவே பேச்சை மாற்றினாள். "அந்தப் புது வண்டி இன்னும் ஷோரூம்லதான் நிக்குதும்மா. என்ன செய்யட்டும்? தைக்கே எடுக்கட்டுமா?"

"மாப்பிள்ளையக் கேளுடி" என்றேன். "போனை அவருட்ட குடு."